குரலும் நம்பகமும்: சாட்சிக் கூண்டில் நம் மக்களின் பேச்சு



வெண்மணித் தியாகிகளின் நினைவாக நாம் கூடியிருக்கிறோம். நிலம், கூலி, பொதுப்பாதை, இடஒதுக்கீடு என்று பல பொருள்களை நாம் பேசியிருக்கிறோம். இன்று எடுத்துக்கொள்ளும் பொருள் சிறியதாகத் தோன்றலாம். அது குரல். ஒருவர் பேசும்போது குரல் ஏறுகிறது, இறங்குகிறது, தடுமாறுகிறது, சில இடங்களில் நின்றே போகிறது. அந்த மாற்றத்தை வைத்துக் கேட்பவர் ஒரு முடிவுக்கு வருகிறார்: இவர் சொல்வது மெய், இவர் சொல்வது பொய். காவல் நிலையத்தில், வட்டாட்சியர் அலுவலகத்தில், நீதிமன்றத்தில், பள்ளித் தலைமையாசிரியர் அறையில் நம் மக்கள் நாள்தோறும் இந்தத் தீர்ப்புக்கு ஆளாகிறார்கள். இந்தத் தீர்ப்பு எந்தத் தாளிலும் எழுதப்படுவதில்லை. அதனால் மேல்முறையீடும் கிடையாது.

குரலை வைத்து நம்பகத்தை அளக்கும் இந்த வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் சாதி எங்கே நிற்கிறது என்று பார்ப்பதே இன்றைய நம் நோக்கம்.

1. ஒரு ரயில் நிலையம்

1901ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்விலிருந்து தொடங்குவோம். அண்ணல் அம்பேத்கர் அப்போது ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுவர். கோரேகானில் வேலை பார்த்துவந்த தந்தையைப் பார்க்க அண்ணனோடும் அக்காள் பிள்ளைகளோடும் சாத்தாராவிலிருந்து புறப்பட்டு மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். அழைத்துப்போக யாரும் வரவில்லை. நல்ல உடையில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்து நிலைய அதிகாரி பரிவோடு விசாரிக்கிறார். பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்துவிட்டார். யார் நீங்கள் என்று கேட்டபோது, மகர்கள் என்று சிறுவர் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். அந்தக் கணமே அதிகாரியின் முகம் மாறியது. பேசாமல் தன் அறைக்குப் போய்விட்டார்.

பிறகு இரட்டிப்பு வாடகைக்கு ஒரு வண்டி கிடைத்தது. தீட்டுப் பட்டுவிடும் என்று வண்டிக்காரர் நடந்தே வர, பிள்ளைகள் தாமே வண்டியை ஓட்டிப் போனார்கள். இரவில் ஒரு சுங்கச்சாவடி வந்தது. மகர் என்று சொன்னால் தண்ணீர் கிடைக்காது, முஸ்லிம் என்று சொல்லிக் கேட்டுப் பார் என்று வண்டிக்காரர் யோசனை சொன்னார். சிறுவருக்கு உருது நன்றாகத் தெரியும். ஐயம் வராதபடி உருதுவிலேயே பேசித் தண்ணீர் கேட்டார். பலிக்கவில்லை. சுங்கக்காரர் வெடுக்கென்று பதில் சொல்லி அனுப்பிவிட்டார். பிள்ளைகள் பசியோடும் தாகத்தோடும் இரவைக் கழித்தார்கள். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் அம்பேத்கர் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இந்த நிகழ்வை நம் பொருளோடு சேர்த்துப் பாருங்கள். அந்தப் பயணத்தில் சிறுவர் ஒருமுறை உண்மை சொன்னார், ஒருமுறை பொய் சொன்னார். உண்மை சொன்ன இடத்தில் அவர் குரலில் எந்தக் குறையும் இருந்திருக்காது. ஆனாலும் அவர் பரிவை இழந்தார். பொய் சொன்ன இடத்தில் குரலை எவ்வளவோ கவனமாக அமைத்துக்கொண்டார். அது ஒரு வாய்த் தண்ணீருக்காகச் சொல்ல நேர்ந்த பொய். அந்த நாளில் உண்மையிலேயே நம்பகம் இழந்த குரல் எது? பரிவோடு தொடங்கி, சாதிப்பெயர் காதில் விழுந்ததும் அடங்கிப்போன அதிகாரியின் குரல்தான். ஆனால் அந்தக் குரலை அளக்கும் நீதிமன்றம் எதுவும் இருந்ததில்லை.

2. பழைய நீதிநூல்கள்

குரலை அளப்பது வெள்ளைக்காரர் கொண்டுவந்த வழக்கமன்று. மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் வழக்கு விசாரணை பற்றியது. மனிதரின் உள்ளத்தைப் புறக்குறிகளால் அரசன் அறிய வேண்டும் என்று அது சொல்கிறது. குரல், நிறம், அசைவு, பார்வை, சைகை என்று அந்தக் குறிகளை வரிசைப்படுத்துகிறது. முதலில் வருவது குரல். யாக்ஞவல்கிய ஸ்மிருதி இன்னும் விரிவாகப் பொய்யன் எப்படி இருப்பான் என்று விவரிக்கிறது: ஓரிடத்தில் நிற்கமாட்டான், கடைவாயை நக்குவான், நெற்றி வேர்க்கும், முகம் வெளிறும், வாய் வறண்டு பேச்சு தடுமாறும்.

இந்த வருணனையை இன்னொரு முறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். நெற்றி வேர்த்து, முகம் வெளிறி, வாய் வறண்டு, சொல் தடுமாறி நிற்பவர் யார்? பொய் சொல்பவர் அப்படி நிற்கலாம். அதிகாரத்தின் முன் வாழ்க்கையில் முதல்முறையாக நிற்பவரும் அப்படித்தான் நிற்பார். அச்சத்தின் குறிகளை எடுத்து அதற்குப் பொய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதே எட்டாம் அத்தியாயத்தில் வேறு சில விதிகளும் உள்ளன. சாட்சியை எப்படி விளிப்பது என்று ஒரு விதி. பிராமணனிடம் 'சொல்' என்றால் போதும். சத்திரியனிடம் 'உண்மையைச் சொல்' என்று கேட்க வேண்டும். வைசியனுக்கு அவனுடைய மாட்டையும் தானியத்தையும் பொன்னையும் நினைவூட்ட வேண்டும். சூத்திரனை எல்லாப் பாவங்களையும் சொல்லி மிரட்ட வேண்டும். அதாவது கேட்பவரின் குரலே ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒருவரை மென்மையாகக் கேட்டுவிட்டு இன்னொருவரை மிரட்டிக் கேட்டால், இரண்டு பதில்களும் ஒரே தொனியில் எப்படி வரும்? மிரட்டப்பட்டவர் குரல் நடுங்கும். அந்த நடுக்கத்தை எடுத்து, பொய்யன் என்பதற்குச் சான்றாக அதே நூல்மரபு வைத்துக்கொள்ளும்.

யார் யாருக்குச் சாட்சி சொல்லலாம் என்பதற்கும் விதி உண்டு. இருபிறப்பாளருக்கு இருபிறப்பாளர், சூத்திரருக்குச் சூத்திரர், கடையருக்குக் கடையர். மேலே இருப்பவர் செய்த குற்றத்துக்குக் கீழே இருப்பவர் சாட்சியாக நிற்க இந்த ஏற்பாட்டில் இடமில்லை. மீறிக் குரல் உயர்ந்தால்? இருபிறப்பாளரைக் கடுஞ்சொல்லால் ஏசும் சூத்திரனின் நாவை அறுக்கச் சொல்கிறது அதே அத்தியாயம். தாழ்ந்த குரலுக்குப் பொய் என்று பட்டம், உயர்ந்த குரலுக்கு நாக்கு அறுபடும் தண்டனை. இரண்டுக்கும் நடுவே பேச இடமே விடவில்லை. 1927 டிசம்பர் 25 அன்று மகத்தில் அம்பேத்கர் தலைமையில் இந்த நூல் எரிக்கப்பட்டபோது எரிந்த விதிகளில் இவையும் அடங்கும்.

3. வெள்ளையர் சட்டமும் அச்சத்தின் குரலும்

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் சாதி பார்த்துச் சாட்சியைத் தள்ளவில்லை. கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொல்லக்கூடிய எவரும் சாட்சியாகலாம் என்றது. இது பெரிய மாற்றம். இதை நாம் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் சாட்சியின் தோரணையை அளக்கும் பழக்கம் போகவில்லை. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 363ஆம் பிரிவு, விசாரணையின்போது சாட்சியின் தோரணை எப்படி இருந்தது என்பது பற்றி முக்கியமென்று தோன்றும் குறிப்புகளை நீதிபதி பதிய வேண்டும் என்றது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 280ஆம் பிரிவாகத் தொடர்ந்தது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலும் இதற்கு விதி உண்டு.

இதன் பக்கத்தில் இன்னொரு சட்டப்பிரிவை வைத்துப் பார்க்க வேண்டும். 1855இல் வெளிவந்த சென்னை மாகாணச் சித்திரவதை ஆணைய அறிக்கை, வரி வசூலிலும் காவல் விசாரணையிலும் கிட்டி போட்டதையும், அண்ணாந்தாள் என்று கயிற்றால் உடலை வளைத்துக் கட்டியதையும் பதிவு செய்தது. இப்படி வதைத்து வாங்கும் வாக்குமூலங்களை நம்ப முடியாது என்பது ஆட்சியாளருக்கே தெரிந்திருந்தது. காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்று சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொன்னது.

இந்தப் பிரிவின் அடியில் இருக்கும் உண்மையை மாணவ நண்பர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அச்சம் ஒரு மனிதரின் வாயிலிருந்து பொய்யான 'ஆமாம்' ஒன்றை வரவழைக்கும் என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. அப்படியென்றால் அதே அச்சம், உண்மை சொல்பவரின் வாயிலிருந்து தடுமாறும் சொல்லையும் வரவழைக்கும் அல்லவா? முதலாவதைச் சட்டம் எழுதி வைத்தது. இரண்டாவதை நீதிபதியின் மனப்போக்குக்கு விட்டுவிட்டது. நம் மக்களின் வழக்குகள் பல இந்த இடைவெளியில்தான் விழுந்தன.

4. தஞ்சையில் குரல் பழக்கப்பட்ட விதம்

கீழைத் தஞ்சையின் பண்ணையாள் முறையில் வேலையும் கூலியும் மட்டும் விதிக்கப்படவில்லை. உடலும் குரலும் விதிக்கப்பட்டன. துண்டு தோளில் இருக்கக் கூடாது, இடுப்புக்கு வர வேண்டும். கை கட்ட வேண்டும். வாய் பொத்தித்தான் பேச வேண்டும். ஆண்டே என்றும் சாமி என்றும் விளிக்க வேண்டும். நரைத்த தலையரை நேற்றுப் பிறந்த பண்ணை வீட்டுப் பிள்ளை 'வாடா' என்று கூப்பிடும். மீறினால் சவுக்கடி, சாணிப்பால்.

வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறவர் குரல் எப்படி இருக்கும்? மழுங்கியிருக்கும். சொல்லின் கடைசி விழுங்கப்படும். கேள்விக்கு நேரே பதில் வராது. முதலில் எசமானின் முகம் பார்த்து, அவருக்கு எது பிடிக்கும் என்று அறிந்து, பிறகுதான் வரும். இதைத் தலைமுறை தலைமுறையாக அடித்துப் பழக்கிவிட்டு, 'இவன்கள் நேராகப் பேசமாட்டான்கள், மென்று விழுங்குவான்கள்' என்று சொன்னார்கள். அடித்து உண்டாக்கிய தழும்பைக் காட்டி, பிறவியிலேயே வந்த குறை என்று சொன்னதற்கு ஒப்பானது இது.

1940களில் பி. சீனிவாசராவ் போன்றோர் செங்கொடிச் சங்கத்தைக் கட்டினார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சங்கம் வாங்கித் தந்தவற்றில் கூலி உயர்வு ஒன்று. குரல் உயர்வு இன்னொன்று. துண்டு தோளுக்கு ஏறியது. கேள்விக்கு நிமிர்ந்து பதில் வந்தது. அப்போது பண்ணையார்கள் அந்தக் குரலை என்னவென்று அழைத்தார்கள்? நேர்மை என்றா? திமிர் என்றார்கள். தாழ்ந்த குரலில் பேசியபோது கள்ளத்தனம் என்றவர்கள், நிமிர்ந்த குரலைத் திமிர் என்றார்கள். எந்தத் தொனியில் பேசினாலும் நம்பகம் கிடைக்காது என்றால், அங்கே அளக்கப்படுவது தொனியே அன்று. பேசுபவர் பிறந்த தெரு.

5. வெண்மணி வழக்கு

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. கூலி உயர்வும் சங்கக் கொடியுமே அங்கே பிரச்சினை. இராமையாவின் குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மனுஸ்மிருதி எரிக்கப்பட்ட அதே தேதியில், 41 ஆண்டுகள் கழித்து, மனிதர்கள் எரிக்கப்பட்டார்கள்.

வழக்கு நடந்தது. உயிர் தப்பியவர்கள் கூண்டில் ஏறினார்கள். பிள்ளையை இழந்தவரும் மனைவியை இழந்தவரும், எந்த நிலத்தில் கூலி வேலைக்கு மறுபடியும் போக வேண்டுமோ அந்த நிலத்துக்காரரை நோக்கி அடையாளம் காட்டிப் பேச வேண்டியிருந்தது. 1970இல் விசாரணை நீதிமன்றம் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

பின்னர் மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று நம் இயக்கங்களின் நினைவில் ஆறாத புண்ணாக இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லோரும் செல்வந்தர்கள், பெரும் நிலம் உடையவர்கள், ஒருவரிடம் கார்கூட இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை விட்டுவிட்டுத் தாமே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பதே அதன் சாரம்.

இதில் நம் பொருளுக்கு நேராக உள்ள ஒரு செய்தியைப் பார்க்க வேண்டும். விசாரணை நீதிமன்றத்தில் சாட்சிகள் நேரில் பேசினார்கள். அங்கே குரல் கேட்டது, அழுகை கேட்டது, இடையில் விழுந்த மௌனமும் கேட்டது. மேல்முறையீட்டுக்குப் போனது தாள். தமிழில் சொல்லியதை ஆங்கிலத்தில் பதிந்த தாள். தாளில் நடுக்கம் இல்லை, தயக்கத்தின் காரணம் இல்லை. முரண்பாடு மட்டும் எழுத்தில் நிற்கும். குரல் கேட்ட இடத்தில் தண்டனையும், குரல் கேட்காத இடத்தில் விடுதலையும் கிடைத்தன.

ஆகவே, குரலைக் கேட்கவே வேண்டாம், தாளே போதும் என்று நாம் சொல்ல முடியாது. குரல் இல்லாத இடத்தை வெறுமையாக விட்டுவைக்க மாட்டார்கள். அந்த இடத்தில் காரும் நிலமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். சொத்தே நம்பகமாகிவிடும்.

6. ஆய்வுகள் சொல்வது

குரலை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதை உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சோதித்து வருகிறார்கள். சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் அத்தகைய பல ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்டார்கள். ஒருவர் பேசுவதைப் பார்த்தும் கேட்டும் மெய்யா பொய்யா என்று சொல்வதில் மனிதர்கள் சராசரியாக 54 விழுக்காடுதான் சரியாகச் சொல்கிறார்கள். காசு சுண்டிவிட்டுச் சொன்னாலே 50 கிடைக்கும். பொய் சொல்லும்போது குரல் சற்று ஏறுவதுண்டு, இறுக்கம் கூடுவதுண்டு. ஆனால் அந்த வேறுபாடு மிகச் சிறியது, தனி ஒருவர் விஷயத்தில் நம்பி முடிவெடுக்கத் தக்கதன்று.

பால் எக்மன் என்ற ஆய்வாளர் இதில் ஒரு பிழைக்கு ஒத்தெல்லோ பிழை என்று பெயர் வைத்தார். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் டெஸ்டிமோனா அஞ்சி நடுங்குகிறாள். கணவன் ஒத்தெல்லோ அந்த அச்சத்தைக் குற்றத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டு அவளைக் கொல்கிறான். தன்னை நம்பமாட்டார்களோ என்ற அச்சமே ஒருவரை நம்பத்தகாதவராகக் காட்டிவிடும் என்பதே இதன் பொருள். இதற்கு ஒத்தெல்லோவைத் தேடிப் போக வேண்டியதில்லை. புகார் கொடுக்கக் காவல் நிலைய வாசலில் நின்ற எந்தச் சேரிப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வார்.

கருவிகளாலும் இது தீரவில்லை. 2010இல் செல்வி வழக்கில் உச்சநீதிமன்றம், ஒருவரின் விருப்பமின்றி உண்மை கண்டறியும் சோதனைகளுக்கு உட்படுத்துவது அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது.

7. அப்படியானால் தொனி எதைக் காட்டுகிறது?

தொனி ஒன்றையும் காட்டாது என்று நாம் சொல்லவில்லை. நம் பாட்டிகள் பண்ணையாரின் தொனியைப் படித்தே உயிர் வாழ்ந்தார்கள். நாளெல்லாம் 'வாடி போடி' என்றவர் திடீரென்று 'வாம்மா' என்றால், ஏதோ ஒரு கைநாட்டு வாங்கப் போகிறார் என்று அவர்களுக்குத் தெரியும். தேர்தலுக்கு முன்பும் பின்பும் மாறும் குரலை நாமும் அறிவோம். இந்த அறிவு பொய்யன்று.

ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. கீழே இருப்பவர் குரல் மாறினால், அவருக்கு எதிரே யார் இருக்கிறார் என்பதை அது காட்டுகிறது. மேலே இருப்பவர் குரல் மாறினால், அவருக்கு என்ன வேண்டும் என்பதைக் காட்டுகிறது. தண்டனைக்கு அஞ்சத் தேவையில்லாதவர் தொனியை மாற்றுகிறார் என்றால், அங்கேதான் நாம் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். நம்பகத்தைத் தேடும் கேள்வி இதுவரை தவறான திசையில் கேட்கப்பட்டு வந்திருக்கிறது.

8. நாம் செய்ய வேண்டியவை

மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வழக்கு சேலத்தில் நடந்தது. 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. உயர்நீதிமன்றமும் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தன. வழக்கு சொந்த மண்ணிலிருந்து தள்ளி நடந்ததும், சாட்சிகளுக்குத் துணையாக இயக்கங்களும் வழக்கறிஞர்களும் நின்றதும் இதில் சிறிய செய்திகள் அல்ல. கூண்டில் நிற்பவரின் குரலுக்குப் பின்னால் ஆள் இருந்தால் அந்தக் குரல் நிலைக்கும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 15அ என்ற பிரிவைச் சேர்த்தது. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் மிரட்டலிலிருந்து பாதுகாப்பு, பயணச்செலவு, வழக்கின் நிலையை அறியும் உரிமை ஆகியவை அதில் உள்ளன. இச்சட்டத்தின் கீழ் நடக்கும் எல்லா நடவடிக்கைகளும் காணொளியில் பதியப்பட வேண்டும் என்றும் அது சொல்கிறது. இதன் வலிமையை நாம் இன்னும் முழுதாக உணரவில்லை. சாட்சியின் தடுமாற்றம் பதிவானால், அதற்குமுன் குறுக்கு விசாரணை செய்தவர் எந்தத் தொனியில் கேட்டார் என்பதும் பதிவாகும். கேட்டவர் குரலும் முதல்முறையாகத் தாளைத் தாண்டி மேல்நீதிமன்றம் போகும். ஒவ்வொரு வழக்கிலும் இந்தப் பதிவை நாம் கேட்டுப் பெற வேண்டும்.

உண்மையறியும் குழுக்களில் போகும் மாணவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. பாதிக்கப்பட்டவரை ஊர்க்காரர், காவலர் முன்னிலையில் வைத்துக் கேட்காதீர்கள். அவர் வீட்டுத் திண்ணையில் அவருக்குச் சமமாக உட்கார்ந்து கேளுங்கள். ஒருமுறை கேட்டு முடித்துவிடாமல் இன்னொரு நாளும் போங்கள். தயங்கிய இடத்தைத் தயக்கம் என்றே எழுதுங்கள். யார் வந்தபோது தயங்கினார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குரலை வைத்து முடிவு செய்யாதீர்கள். நாள், இடம், காயம், ஆவணம் இவற்றோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, நம்மைப் பற்றி. நம் கூட்டங்களில் ஒரு தோழர் மேடையில் முழங்கினால் வீரம் என்கிறோம். அதே கூட்டத்தில் ஒரு பெண் தோழர் குரலை உயர்த்திக் கணக்குக் கேட்டால், உணர்ச்சிவசப்படுகிறார் என்கிறோம். மெல்லச் சொன்னால், உறுதியில்லாமல் பேசுகிறார் என்கிறோம். பண்ணையார் நம் முன்னோரிடம் வைத்த அதே அளவுகோல்தான் இது. அருந்ததியர் தோழர்கள் நம் அரங்குகளில் பேசும்போது எந்தக் காதோடு கேட்கிறோம் என்பதையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். நமக்குள் இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, நீதிமன்றத்திடம் மட்டும் அதைக் கீழே போடச் சொல்ல முடியாது.

வெண்மணியில் எரிந்த 44 பேரின் சாட்சியம் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்காகக் கூண்டில் ஏறியவர்கள் பேசினார்கள். நடுங்கியபடியோ தடுமாறியோ பேசியிருக்கலாம். ஆனாலும் பேசினார்கள். அவர்கள் சொன்னதை நாம் நம்புகிறோம். அடுத்த வழக்கில் அடுத்த சாட்சி கூண்டில் ஏறும்போது, அவர் பார்வை படும் இடத்தில் நம்மில் நாலு பேராவது உட்கார்ந்திருப்போம். இந்த நினைவு நாளில் நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய உறுதி அதுதான்.

ஜெய்பீம்.